ஆர்டுயினோ லொகருக்கு 64 ஜிபி காட் வாங்க முதல் இதக் கொஞ்சம் பாருங்க

மட்டக்களப்பு வாவியில நீர்மட்டம் பாக்க, உன்னிச்சைப் பக்கம் வயல்ல ஈரப்பதம் பாக்க எண்டு லப்டொப் இல்லாம தனியா ஓடுற லொகர் (ஆர்டுயினோ எண்ட சின்ன கன்ட்ரோலர் போர்ட்ல அளவுகள எடுத்து எஸ்டி மெமரி காட்ல பதிஞ்சு வெக்கிற கருவி) செய்யப் போறவங்க முதல்ல கேக்கிறது "எத்தின ஜிபி காட் போடணும்?" எண்டுதான். அதுல ஒண்டும் இல்ல. 10 செக்கனுக்கு ஒரு ரீடிங் எண்டா நாளைக்கு 8640, தேதி நேரம் அளவு எல்லாம் சேத்து ஒரு வரி 27 பைட் எண்டு வெச்சாலும் நாளைக்கு 230 கேபி சொச்சம், வருஷத்துக்கு 85 எம்பிதான் வருது. பழைய போன்ல கிடக்கிற 2 ஜிபி காட்டே காணும். 64 ஜிபி வாங்கினா வேற தொல்லை, அது எக்ஸ்ஃபாட் எண்ட ஃபைல் முறையில ஃபோர்மட் ஆகித்தான் வரும், ஆர்டுயினோட வழமையான எஸ்டி லைப்ரரிக்கு (காட்ல எழுத, வாசிக்கப் பாவிக்கிற ரெடிமேட் கோட்) ஃபாட்16, ஃபாட்32 மட்டும்தான் விளங்கும்.

சிலபேர் காட்டே வேணாம், சிப்புக்குள்ள இரிக்கிற, கரண்ட் போனாலும் அழியாத ஈஈப்ரொம் மெமரியிலயே எழுதுவம் எண்டு நிப்பாங்க. ஊனோ ஆர்3 எண்ட ஆர்டுயினோ போர்ட்ல அது 1024 பைட். ஒரு ரீடிங்க 6 பைட்டுக்குச் சுருக்கினாலும் 170ஓட முடிஞ்சிரும், அரை மணித்தியாலம் கூட வராது. அதோட ஒரே இடத்தில 100,000 தரம் எழுதத்தான் உத்தரவாதம், "கடைசியா எங்க எழுதின" எண்ட நம்பர அங்கயே 10 செக்கனுக்கு ஒருக்கா மாத்திக்கொண்டிருந்தா அந்தக் கணக்கு 12 நாளுக்குள்ள முடிஞ்சிரும். செட்டிங்ஸ் வெக்க மட்டும் அதப் பாவிங்க.

பெரிய பிழை எது தெரியுமா, ஃபைல ஓபன் பண்ணி, எழுதிக்கொண்டே போய், குளோஸும் இல்ல ஃப்ளஷும் (எழுதாம நிக்கிறத காட்ல எழுதி முடிக்கிற கட்டளை) இல்லாம விடுறது. நீங்க எழுதுறது முதல்ல 512 பைட் பஃபர்ல (தற்காலிக மெமரியில) நிக்கும், நிரம்பினாத்தான் காட்டுக்குப் போகும், அப்பிடிப் போனாலும் ஃபைல்ட நீளம் ஃப்ளஷ் பண்ணினாத்தான் பதியும். மாரி மழைக்குள்ள பற்றரி இறங்கிச்சுதெண்டா, மறுகா காட்டக் கழட்டிப் பாக்கக்குள்ள ஃபைல் 0 பைட் எண்டு காட்டும், டேட்டா காட்டுக்குள்ளதான் இரிக்கும், ஆனா கைக்கு வராது. அதுக்காக ஒவ்வொரு வரிக்கும் ஃப்ளஷ் பண்ணவும் வேணாம், காட்டும் தேயும் பற்றரியும் போகும். நிமிஷத்துக்கு ஒருக்கா போதும், போனா அந்த ஒரு நிமிஷம்தானே. நாளுக்கு ஒரு ஃபைல் வெச்சா இன்னும் நல்லம், ஒண்டு பழுதானாலும் மத்தது தப்பும். பேர் 20250105.சிஎஸ்வி மாதிரி இருக்கட்டும், புள்ளிக்கு முன்னால 8 எழுத்துக்கு மேல போனா அந்த லைப்ரரி ஓபனே பண்ணாது. ஓபன் ஆகாட்டி எல்ஈடி ஒண்டு மின்னுற மாதிரியும் கோட்ல போடுங்க, இல்லாட்டி காட் லூசாகி நாள்கணக்கா சும்மா ஓடும், ஆருக்கும் தெரியாது.

எழுதக்குள்ள காட் 100 மில்லிஅம்பியர் அளவுக்கும் இழுக்கும், ஊனோட 3.3 வோல்ட் பின் தாறது 50தான். வோல்டேஜச் சீராக்கிற தனி ரெகுலேட்டர் இரிக்கிற காட் மொடியூலா எடுங்க. 5 வோல்ட் சிக்னல நேரா காட்டுக்குக் குடுக்கவே கூடாது. கல்லடிக் கடற்கரைப் பக்கம் வெக்கிறதெண்டா உப்புக்காத்து சொக்கட் பின்னக் கறள் பிடிக்க வெச்சிரும், பெட்டிய இறுக்கி சீல் பண்ணி உள்ள சிலிக்கா ஜெல் பக்கட் ஒண்டு போடுங்க.

நேரத்துக்கு மில்லிஸ (போர்ட் ஓடத் தொடங்கி எத்தின மில்லிசெக்கன் எண்டு சொல்ற கட்டளை) மட்டும் நம்பாதீங்க, அது 49 நாள் தாண்டினதும் திரும்பப் பூச்சியத்துக்கு வரும், போர்ட் ரீசெட் ஆனா அப்பவே பூச்சியம். டிஎஸ்3231 கடிகார மொடியூல் ஒண்டு போட்டா கரண்ட் போனாலும் தன்ட காசு மாதிரி வட்டமான சின்னப் பற்றரியில நேரம் ஓடிக்கொண்டே இரிக்கும்.