பவுலிங் பழக ரன்-அப்ல ஆரம்பிக்காதீங்க, விரல் நுனியில ஆரம்பிங்க

புதுசா பவுலிங் போட வர்றவங்க முக்கால்வாசி பேரு முதல்ல பண்றது என்னன்னா, ரொம்ப தூரம் பின்னாடி போய் நின்னு தம் கட்டி ஓடி வர்றதுதான். ஓடி வந்து குதிச்சு கையை சுத்தறதுக்குள்ள தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம் போயிருக்கும், பால் ஒண்ணு தரையில படாம ஃபுல் டாஸா போகும் இல்லன்னா பாதி பிட்ச்ல குத்தும், உடனே "இன்னும் வேகமா ஓடி வந்தா சரியாயிடும்"னு நினைச்சு இன்னும் நாலு அடி பின்னாடி போவாங்க. நான் சொல்லப்போறது இதுக்கு அப்படியே தலைகீழ். பால் கையை விட்டு போற அந்த ஒரு நொடியை முதல்ல பழகுங்க, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா பின்னாடி போங்க, ரன்-அப், அதாவது அந்த ஓடி வர்றது, கடைசியில வரட்டும்.

இது மீடியம் பேஸ், ஃபாஸ்ட் போடறவங்களுக்கு, ஸ்பின்னுக்கு கதையே வேற. வலது கை பவுலருக்குன்னு எழுதறேன், இடது கைக்காரங்க மாத்தி படிச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: கிரிப்

சீமை, அதாவது பாலை சுத்தி ஓடற தையலை, நேரா நிக்க வச்சு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சீமுக்கு ரெண்டு பக்கமும் வைங்க, நடுவுல கொஞ்சூண்டு இடைவெளி இருந்தா போதும். கட்டைவிரல் அடியில சீம் மேல, அதுவும் பக்கவாட்டு ஓரம் படற மாதிரி. உள்ளங்கைக்கும் பாலுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். நிறைய பேர் பாலை உள்ளங்கையில புதைச்சு கல்லை பிடிக்கற மாதிரி இறுக்கி பிடிக்கறாங்க, அப்படி பிடிச்சா மணிக்கட்டு அசையவே அசையாது. பெரிய ஆம்பளைங்க விளையாடற லெதர் பால் 156-ல இருந்து 163 கிராம் வரைக்கும் இருக்கும், 13 வயசுக்கு உட்பட்ட பசங்களுக்கு 133-ல இருந்து 144 கிராம்னு சின்ன பால் தனியா இருக்கு. சின்ன கைக்கு பெரிய பாலை குடுத்துட்டு கிரிப் வரலைன்னு பசங்களை திட்டாதீங்க, தயவுசெஞ்சு.

ஸ்டெப் 2: வெறும் மணிக்கட்டு

இங்கதான் நீங்க ரொம்ப நாள் செலவு பண்ணணும். நின்ன இடத்துலயே கையை முன்னாடி நீட்டி, விரலால பாலை கீழ்நோக்கி உருவி விடற மாதிரி சின்னதா தட்டி எதிர்ல இருக்கறவங்களுக்கு அனுப்புங்க, அஞ்சாறு மீட்டர் தூரம் போதும். மணிக்கட்டு பாலுக்கு நேர் பின்னாடி இருக்கணும், கடைசியா பாலை தொடறது அந்த ரெண்டு விரலாதான் இருக்கணும், பால் பின்னோக்கி சுத்திக்கிட்டே போகணும். அப்படி சுத்தினா சீம் ஆடாம நேரா நிக்கும், சீம் நேரா நின்னாதான் பிட்ச்ல பட்டு திரும்பவோ காத்துல வளைஞ்சு ஸ்விங் ஆகவோ வாய்ப்பே இருக்கு. ஆஸ்திரேலிய ஃபாஸ்ட் பவுலர் மெக்ராத்தோட பழைய வீடியோவை ஸ்லோ மோஷன்ல பாருங்க, நான் சொல்றது புரியும்.

லெதர் பால் இல்லன்னா டென்னிஸ் பால்ல நடுவுல சுத்தி கலர் டேப் ஒட்டிக்கோங்க. டேப் கோடு தள்ளாடிச்சுன்னா மணிக்கட்டு ஒரு பக்கமா சாயுது, இல்லன்னா ஒரு விரல் மட்டும் முன்னாடியே விட்டுடுதுன்னு அர்த்தம். போன்ல எடுத்து பார்த்தா இன்னும் நல்லா தெரியும். பத்து பால்ல குறைஞ்சது ஏழு பால் நேரா போற வரைக்கும் அடுத்த ஸ்டெப்புக்கு போகாதீங்க, போரடிக்கும்தான், ஆனா இதை தாண்டி போனவங்க திரும்ப இங்கயேதான் வந்து நிக்கறாங்க.

ஸ்டெப் 3: மண்டி போட்டு

வலது முட்டியை தரையில ஊன்றி, இடது பாதத்தை முன்னாடி வச்சு, கையை முழுசா சுத்தி போடுங்க. காலோட வேலையை எடுத்துட்டதால தோள், கை, தலை மட்டும் தனியா தெரியும். இடது கையை மேல தூக்கி டார்கெட் பக்கம் நீட்டி அப்புறம் விலாவை ஒட்டி கீழ இழுங்க, அது இறங்க இறங்க வலது கை தானா மேல வரும். தலை நேரா, கண்ணு டார்கெட்ல.

முழங்கை விஷயம் இங்கயே சரி பண்ணிடணும். ஐசிசி (சர்வதேச கிரிக்கெட் கவுன்சில்) விதிப்படி கை தோள் மட்டத்துக்கு வந்ததுல இருந்து பாலை விடற வரைக்கும் முழங்கை 15 டிகிரிக்கு மேல நீளக்கூடாது, நீண்டா அது த்ரோ, நம்ம பாஷைல மாங்கா. கை தாழ்வா வந்தாலே மாங்கான்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது தப்பு. இலங்கை ஃபாஸ்ட் பவுலர் மலிங்காவோட கை பக்கவாட்டுலதான் வரும், அதுல விதி மீறலே இல்ல. மடங்கின முழங்கை நீளுதா இல்லையாங்கறதுதான் கணக்கு.

ஸ்டெப் 4: நின்னு போடறது, அப்புறம் மூணு அடி

எழுந்து நின்னு, முன்காலை நல்லா ஊன்றி போடுங்க. முன்கால் முட்டி தொங்கிடுச்சுன்னா உயரமும் போகும் வேகமும் போகும். அது வந்ததும் மூணு அடி நடந்து வந்து போடுங்க.

இடுப்பும் தோளும் ஒரே திசையை பார்க்கணும், இது ரொம்ப முக்கியம். ரெண்டும் பக்கவாட்டா இருக்கலாம், ரெண்டும் நேரா இருக்கலாம், ஆனா இடுப்பு ஒரு பக்கம் தோள் ஒரு பக்கம்னு முறுக்கினா அடிமுதுகு எலும்புல விரிசல் விடற ஆபத்து அதிகம். ஆஸ்திரேலியாவோட டென்னிஸ் லில்லி மாதிரி ஒரு ஃபாஸ்ட் பவுலரே 1973-ல முதுகு எலும்பு முறிவால வெளிய உட்கார்ந்து, ஆக்‌ஷனை மாத்திக்கிட்டுதான் திரும்ப வந்தார். முதுகு வலிச்சா பொறுத்துக்கிட்டு போடாதீங்க, நிறுத்திட்டு டாக்டரை பாருங்க.

லென்த்துக்கு, அதாவது பால் எங்க குத்தணுங்கறதுக்கு, பேட்ஸ்மேன் பக்க ஸ்டம்ப்ல இருந்து அஞ்சாறு மீட்டர் முன்னாடி ஒரு துண்டு போட்டு வைங்க. பால் ஃபுல்லா போகுதுன்னா சீக்கிரம் விடறீங்க, ஷார்ட்டா குத்துதுன்னா லேட்டா விடறீங்க. வேகத்தை தொடாதீங்க, விடற நேரத்தை மட்டும் மாத்துங்க.

ஸ்டெப் 5: ரன்-அப்

பவுலர் பக்க க்ரீஸ் கோட்டுல இருந்து, பேட்ஸ்மேன் ஸ்டம்ப்புக்கு எதிர்த் திசையில இயல்பா ஓடிப்போய் உங்களுக்கு வசதியா தோணற இடத்துல போடற மாதிரி ஆக்‌ஷன் பண்ணுங்க, முன்கால் எங்க விழுதுன்னு ஒருத்தரை மார்க் பண்ண சொல்லுங்க. நாலஞ்சு தடவை பண்ணினா மார்க் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே இடத்துல வரும், அங்கிருந்து க்ரீஸ் வரைக்கும் எத்தனை அடின்னு எண்ணி வச்சுக்கோங்க, அதுதான் உங்க ரன்-அப். முன்காலோட ஏதாவது ஒரு பகுதி பாப்பிங் க்ரீஸுக்கு (ஸ்டம்ப்புக்கு முன்னாடி இருக்கற கோடு) பின்னாடி விழணும், இல்லன்னா நோ பால். நெட்ஸ்ல பிராக்டிஸ் பண்றப்பவும் நோ பாலை எண்ணுங்க, அங்க விட்டா மேட்ச்லயும் வரும்.

போட்டு முடிச்சதும் சட்டுனு நிக்காம ரெண்டு மூணு அடி ஓடி பிட்ச்ல இருந்து ஒதுங்கிடுங்க, நடுவுல மிதிச்சா அம்பயர் வார்னிங் குடுப்பார்.

ரன்-அப் சேர்த்த உடனே சீம் மறுபடியும் ஆட ஆரம்பிக்கும், பயப்படாதீங்க, எல்லாருக்கும் ஆகறதுதான். அன்னைக்கு ரன்-அப்பை பாதியா குறைச்சுட்டு, ஸ்டெப் 2-ல ஒரு இருபது பால் போட்டுட்டு திரும்ப வாங்க.