சிலிக்கான் எப்படி சோலார் செல் ஆகிறது: படிப்படியாக

சோலார் செல்லை மணலில் இருந்து செய்கிறார்கள் என்று பலரும் சொல்வார்கள். பாதி உண்மை. சாதாரண மணலில் கலப்படம் அதிகம். தேவைப்படுவது குவார்ட்ஸ் என்ற தூய சிலிக்கா கல். சிலிக்கானை முதலில் வெறித்தனமாகச் சுத்தம் செய்வது, அப்புறம் வேண்டுமென்றே அளந்து அழுக்கு சேர்ப்பது: மொத்த வேலையும் இவ்வளவுதான். இடையில் கொடிய அமிலங்கள் வருவதால் வீட்டில் செய்து பார்க்க முடியாது, புரிந்துகொள்ளலாம்.

படி 1: கல்லில் இருந்து சிலிக்கான்

குவார்ட்ஸையும் கரியையும் மின்வில் உலையில் போட்டு 2000 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்குகிறார்கள். கல்லில் உள்ள ஆக்சிஜனைக் கார்பன் பிடுங்கிக்கொண்டு வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 98, 99 சதவீதம் தூய சிலிக்கான். அலுமினியக் கலவை செய்ய இது தாராளம். நமக்குப் போதாது.

படி 2: சுத்தம்

திடப்பொருளாக வைத்துக்கொண்டு இதற்கு மேல் சுத்தம் செய்வது கடினம். அதனால் ஹைட்ரஜன் குளோரைடுடன் வினைபுரிய வைத்து டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக மாற்றுகிறார்கள். சுமார் 32 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் இதைத் திரும்பத் திரும்ப வடித்துப் பிரிக்கலாம். பிறகு ஹைட்ரஜனோடு சேர்த்து, 1100 டிகிரி அளவில் தகிக்கும் சிலிக்கான் தண்டுகள் மேல் அந்த ஆவியைச் செலுத்தினால், சுத்தமான சிலிக்கான் அவற்றின் மேல் படிந்து வளரும். தூய்மை 99.9999 சதவீதத்துக்கும் மேல். மின்சாரத்தை ஏகத்துக்கும் குடிக்கும் படி இது.

படி 3: ஒற்றைப் படிகம், வேஃபர்

சிலிக்கான் 1414 டிகிரியில் உருகும். உருகியதில் துளி போரான் சேர்க்கிறார்கள். பல லட்சம் சிலிக்கான் அணுக்களுக்கு ஒன்று என்ற கணக்கு. ஒரு சிறு விதைப் படிகத்தை அதில் தொட்டு, சுழற்றியபடி மெல்ல மேலே இழுத்தால் உருளையாக ஒரே படிகம் வளரும். போலந்து விஞ்ஞானி சோக்ரால்ஸ்கி 1916இல் கண்டறிந்த முறை. உருளையின் பக்கங்களைச் சீவி, வைரத் துகள் பதித்த கம்பியால் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள தகடுகளாக அறுக்கிறார்கள். இந்தத் தகடுதான் வேஃபர். பல பேனல்களில் செல்லின் மூலை மழுங்கி இருப்பது இந்த உருளையால்தான்.

படி 4: சந்தி

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

சிலிக்கான் அணுவுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். போரானுக்கு மூன்று, அதனால் ஓர் எலக்ட்ரான் குறைந்து 'துளை' உண்டாகிறது. இது பி-வகை. இப்போது தகட்டைக் காரத்தில் அரித்து, ஒளி எளிதில் தப்பாதபடி நுண்ணிய பிரமிடுகளை உண்டாக்குகிறார்கள். அப்புறம் 800, 900 டிகிரி உலையில் பாஸ்பரஸ் ஆவியைக் காட்டுகிறார்கள். பாஸ்பரஸுக்கு ஐந்து எலக்ட்ரான்கள். அது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான ஆழம்தான் ஊடுருவும். அந்த மேல்தோல் என்-வகை ஆகிவிடும்.

இரண்டும் சந்திக்கும் எல்லையில், மேலே இருக்கும் உபரி எலக்ட்ரான்கள் கீழே போய்த் துளைகளை நிரப்பும். இதனால் எல்லையின் மேல்பக்கம் நேர்மின்னூட்டமும் கீழ்ப்பக்கம் எதிர்மின்னூட்டமும் தங்கி, நிரந்தரமாக ஒரு மின்புலம் நிற்கும். ஒளி பட்டு ஓர் எலக்ட்ரான் விடுபட்டதும், இந்தப் புலம் அதை மேலேயும் துளையைக் கீழேயும் தள்ளிவிடும். புலம் இல்லாவிட்டால் இரண்டும் மறுபடி சேர்ந்து வெறும் வெப்பம்தான் மிஞ்சும். படி 2இல் அவ்வளவு மெனக்கெட்டதும் இதற்காகவே: இரும்பு போன்ற அசுத்தம் இருந்தால் எலக்ட்ரான் எல்லையை எட்டும் முன்பே அதில் சிக்கிவிடும்.

(இன்றைய புதிய ஆலைகளில் பல, என்-வகைத் தகட்டில் தொடங்குகின்றன. தத்துவம் இதேதான்.)

படி 5: பூச்சும் கோடுகளும்

பளபளப்பான வெறும் சிலிக்கான், விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தடுக்கவே சிலிக்கான் நைட்ரைடு பூச்சு. செல்லின் நீல நிறம் இதனுடையது. மேலே வெள்ளிப் பசையில் மெல்லிய கோடுகள், அடியில் அலுமினியப் பசை. துணியில் படம் போடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான். சில நொடிகள் உலையில் சுட்டால், வெள்ளி பூச்சைத் துளைத்துச் சிலிக்கானைத் தொடும்.

சரி, செல் தயார். வெயிலில் வைத்தால் சுமார் 0.6 வோல்ட் தரும். செல்லைப் பெரிதாக்கினால் மின்னோட்டம் கூடுமே தவிர, வோல்ட் கூடாது. அதனால்தான் பேனலில் 60, 72 என்று செல்களை வரிசையாகப் பற்றவைக்கிறார்கள்.