க்ளோஸ்-அப்பை முதல் காட்சியிலேயே செலவழிக்காதீர்கள்: குறும்படங்களில் தவிர்க்க வேண்டிய ஷாட் தவறுகள்

இன்று குறும்படம் எடுப்பவர்களிடம் நல்ல கேமரா இருக்கிறது, நல்ல லென்ஸ் இருக்கிறது. இருந்தும் பல படங்களில் கதை நம்மைத் தொடுவதில்லை. காட்சி யாருடையது என்று முடிவு செய்யாமலேயே கேமராவை வைத்துவிடுவதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் க்ளோஸ்-அப். எல்லோரும் ஃபோனில்தானே பார்க்கப்போகிறார்கள் என்று, வசனம் பேசும் ஒவ்வொருவருக்கும் டைட்டாக முகத்தை வைக்கிறார்கள். அம்மா "சாப்டியாடா?" என்று கேட்பதும் க்ளோஸ்-அப். பத்து நிமிடம் கழித்து, வேலை போய்விட்டது என்று மகன் சொல்வதும் அதே க்ளோஸ்-அப். அதற்கு மேல் நெருங்க இடமில்லாததால் அந்தச் செய்தியும் சாதாரணப் பேச்சு போலவே கடந்துபோகிறது. அதுவரை மிட் ஷாட்டிலும் (இடுப்புக்கு மேல் தெரிவது) சஜஷன் ஷாட்டிலும் (ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எதிரே இருப்பவரைக் காட்டுவது) காட்சியை நடத்துங்கள். அந்த ஒரு வரிக்கு மட்டும் நெருங்குங்கள். யார் முகத்துக்கு நெருங்குவது என்பதையும் யோசியுங்கள். சொல்லி முடித்தால் மகனுக்குப் பாரம் இறங்கிவிடும். அம்மாவுக்கு அப்போதுதான் ஏறுகிறது. என்னைக் கேட்டால் அந்த ஷாட் அம்மாவுக்குத்தான்.

ஷாட்டின் அளவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) நல்ல பாடம். துப்பறிவாளர் மாடிப்படி ஏறும்போது கேமரா கூரையருகே போய்விடுகிறது. தாக்க வருபவரின் முகத்தை மறைக்க அந்த டாப் ஆங்கிள் தேவைப்பட்டது. ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து சட்டென்று துப்பறிவாளரின் முகத்துக்கு வெட்டும்போது அந்த முகம் திரையில் வெடிக்கிறது. அந்த வித்தியாசத்துக்காகவே கேமராவை அவ்வளவு உயரத்தில் வைத்ததாக ஹிட்ச்காக்கே விளக்கியிருக்கிறார்.

அடுத்தது, கோணத்துக்கு வாய்ப்பாடு வைத்துக்கொள்வது. லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், டாப் ஆங்கிள் என்றால் பலவீனம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, வில்லன் வந்தாலே கேமராவைத் தரையில் வைத்து அண்ணாந்து பார்க்க விடுகிறார்கள். கேமராவின் உயரம் வேறு, அதன் சாய்வு வேறு. ஜப்பானிய இயக்குநர் ஓசு தன் படங்களில் பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் சற்றுக் கீழே கேமராவை வைத்தார். அந்தத் தாழ்வு யாரையும் ராட்சதனாக்கவில்லை. அந்த வீட்டுத் தரையில் நம்மையும் உட்கார வைத்தது.

கோணத்தைப் படம் முழுக்கத் திட்டமிடலாம் என்பதற்கு சிட்னி லூமெட்டின் '12 ஆங்கிரி மென்' (1957) சாட்சி. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே ஜூரி அறையில் நடக்கிறது. முதல் மூன்றில் ஒரு பங்கை கண் மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்ததைக் கண் மட்டத்திலும், கடைசியை அதற்குக் கீழிருந்தும் எடுத்தார். போகப்போக லென்ஸின் குவியத் தூரத்தையும் கூட்டினார். முடிவு நெருங்கும்போது கூரை தெரிகிறது, சுவர்கள் முதுகை நெருக்குகின்றன, நமக்கே புழுக்கமாகிறது. தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் ஒரு ஷாட்கூட ஆர்ப்பாட்டம் செய்யாது.

மூன்றாவது, ஸ்பாட்டில் "லுக் மாறிடுச்சு" (நடிகர் பார்க்கும் திசை மாறிவிட்டது) என்று கத்த வைக்கும் விஷயம். பேசிக்கொண்டிருக்கும் இருவருக்கு இடையே ஒரு கற்பனைக் கோடு போட்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நின்றால், ஒருவர் இடமாகவும் மற்றவர் வலமாகவும் பார்ப்பார்கள். கோட்டைத் தாண்டி அடுத்த க்ளோஸ்-அப்பை எடுத்தால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதுபோல் ஆகிவிடும். தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஷாட்டுக்குள்ளேயே கேமராவையோ நடிகரையோ நகர்த்தி, பார்ப்பவர் கண்முன்னால் தாண்டுங்கள். கோட்டின் மேலேயே நின்று எடுத்த ஒரு ஷாட்டை இடையில் வைத்தாலும் போதும். உறவு முறியும் இடத்தில் வேண்டுமென்றே தாண்டுவது வேறு விஷயம். அதைச் செய்ய அதுவரை கோட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டில் எடுக்கும்போது கோணம் குறைந்தது 30 டிகிரியாவது மாறட்டும், அளவும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாறட்டும். இல்லாவிட்டால் வெட்டிய இடம் துள்ளும்.

ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கிறது என்பதற்காக ஊரை மேலிருந்து காட்டாதீர்கள். அந்த ஊரின் பரப்பு கதைக்கு வேண்டுமா என்று மட்டும் பாருங்கள். ஜூமையும், கேமராவையே சக்கர வண்டியில் நகர்த்தும் டிராலியையும் ஒன்றாக நினைக்காதீர்கள். ஜூம் படத்தைப் பெரிதாக்கும். டிராலியில் போகும்போது பின்னணிக்கும் ஆளுக்கும் உள்ள உறவே மாறும், நாமே நடந்து அருகில் போன உணர்வு வரும்.

கடைசியாக, எல்லாப் பக்கமும் எடுத்துவைத்து "எடிட்டிங்ல பாத்துக்கலாம்" என்பது. இதில் நஷ்டப்படுவது நடிகர்தான். அம்மாவாக நடிப்பவர் ஏழாவது கோணத்துக்கு அழும்போது கண்ணீர் வற்றியிருக்கும். ஷாட் லிஸ்ட்டில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் எதிரே, முந்தைய ஷாட்டில் தெரியாத எது இதில் தெரிகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத எதுவும் வராத ஷாட்டை அடித்துவிட்டு, மிச்சமாகும் நேரத்தில் அந்த அம்மாவுக்கு இன்னொரு டேக் கொடுங்கள்.