ஏஎஃப்கேட்: கைவிட்டதும் கைகொடுத்ததும்

இந்திய விமானப்படைக்கு அதிகாரிகளை எடுக்கும் ஏஎஃப்கேட் தேர்வில் முதல் தடவை கட்-ஆஃபைத் தொடவில்லை. 100 கேள்வி, 2 மணி நேரம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தப்பான விடைக்கு 1 போகும். எதையும் காலியாக விடாதே என்று பள்ளியில் பழக்கியிருந்தார்கள். தெரியாததை எல்லாம் குத்துமதிப்பாக அடித்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. நாலு விடையில் கண்ணை மூடி ஒன்றைத் தொட்டால், சராசரியாக வருவது பூஜ்யம். ஒரு விடையையாவது தப்பு என்று ஒதுக்க முடிந்தால்தான் லாபம். இரண்டாம் தடவை அந்த விதியை மீறவே இல்லை.

என் நேரத்தைத் தின்றது வேறொன்று: சிக்கலான கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும் உருவத்தைத் தேடும் கேள்விகள். முழு உருவத்தையும் தேடுவதை விட்டுவிட்டு, அதன் விநோதமான ஒரு மூலையை மட்டும் தேடப் பழகினேன். தினமும் 15 படம், கடிகாரம் வைத்து. அம்மாவுக்கு நான் கோலம் பழகுகிறேனோ என்று சந்தேகம்!

ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு என்பதால் காத்திருப்பு பெரிதாக இல்லை. இந்த முறை தேறிவிட்டேன். அடுத்து மைசூருவில் விமானப்படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல். விமானியாகும் திறனைக் கணினியில் பார்க்கும் சிபிஎஸ்எஸ் சோதனைக்கு மட்டும் வாழ்நாளில் ஒரே வாய்ப்புதான்.