பிரீமேசன் லாட்ஜில் சேர ஆசையா? ஆரம்பத்திலேயே சறுக்க வேண்டாம்

லாட்ஜ் என்றால் நம் ஊரில் ரூம் போடுகிற இடம். "லாட்ஜில் மெம்பர் ஆகப்போகிறேன்" என்று நான் சொன்னதும் மாமா ஒரு மாதிரி பார்த்தார். பிரீமேசன்கள் என்பது சடங்குகளோடு கூடிய ஒரு பழைய சகோதரத்துவ அமைப்பு; அவர்களின் சபைக்கும் அதே பெயர்தான். சென்னை எழும்பூரில் தூண்கள் வைத்த பெரிய பிரீமேசன்ஸ் ஹால் இருக்கிறது. பஸ்ஸில் தாண்டிப் போனவர்கள் பலர், உள்ளே போனவர்கள் சிலர்.

பலர் செய்யும் முதல் தவறு, யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பது. வலைவீசி ஆள் பிடிக்கும் வழக்கம் இங்கே இல்லை. நீங்களாகத்தான் கேட்க வேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். பிரீமேசன்களோடு சேர்த்துப் பேசப்படும் ரகசியக் குழுவின் பெயரைச் சொல்லி, "இல்லுமினாட்டியில் சேருங்கள், கோடீஸ்வரர் ஆகலாம், பதிவுக்கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருவது சுத்தமான மோசடி.

அடுத்தது நானே செய்தது. என்னைச் சரியாகத் தெரியாத ஒரு வியாபார நண்பரைப் பிடித்து விண்ணப்பத்தில் முன்மொழியச் சொன்னேன். நேர்காணலில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். "நல்ல காண்டாக்ட்ஸ் கிடைக்கும் சார்" என்றேன். ஒருவர் பேனாவை மூடி வைத்தார். அவ்வளவுதான், பேட்டி முடிந்தது. ஆதாயம் கருதி வரவில்லை என்று உறுதி கூறித்தான் இதில் சேரவே முடியும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றரை வருஷம் கழித்து, என்னை நன்கு அறிந்த வேறொருவர் முன்மொழிந்து உள்ளே போனேன்.

முன்மொழிபவர் சரியாக அமைவது முக்கியம், ஏனென்றால் கடைசியில் ரகசிய வாக்கெடுப்பு உண்டு. ஒரு பெட்டிக்குள் கையை விட்டு வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுவார்கள். ஒரு சில கறுப்பு விழுந்தாலே கதவு சாத்தியாயிற்று. யார் போட்டது, ஏன் போட்டார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கடவுள் விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். எந்த மதமானாலும் சரி, ஒரு பரம்பொருளை நம்ப வேண்டும் என்பது அடிப்படை விதி. இந்திய லாட்ஜ்களில் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கும். அவரவர் நூலின் மேல் அவரவர் உறுதிமொழி. நாத்திகர் 'சும்மா ஒரு கையெழுத்துதானே' என்று போட்டுவிட்டுப் போனால் முதல் நாள் இரவே சங்கடம். அரசியலும் மதமும் உள்ளே விவாதத்துக்கு வரவே கூடாது. தேர்தல் நேரத்தில் இது பெரிய நிம்மதி.

எல்லா லாட்ஜும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. 1961இல் உருவான கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா என்ற தலைமைச் சபையின் கீழ் இருப்பவை ஆண்களுக்கு மட்டும். அன்னி பெசன்ட் இந்தியாவில் வளர்த்தது ஆண், பெண் இருபாலரும் சேரும் வேறு பிரிவு; இரண்டும் ஒன்றையொன்று அங்கீகரிப்பதில்லை. எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

பணக்கணக்கைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சேரும்போது ஒரு தொகை, வருஷச் சந்தா, கூட்டத்துக்குப் பின் சாப்பாடு, தர்மத்துக்கு உண்டியல், அதோடு கோட்டும் டையும். வீட்டில் சொல்லாமல் சேருவது வேண்டாத வேலை. மாதம் ஒரு இரவு கோட்டு போட்டுக்கொண்டு கிளம்பினால் மனைவி கேட்கத்தானே செய்வார்?

யூட்யூபில் சடங்கை முழுக்கப் பார்த்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கையிலிருக்கும் காசு, மோதிரம், கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே அழைத்துப் போவார்கள். எதற்கு என்று தெரியாமல் போனால்தான் அந்த நிமிஷம் உறைக்கும்.

உறுப்பினர் படிப்படியாக ஏறும் பட்டங்கள் (டிகிரி) மூன்று; அவற்றுக்கிடையே மாதக்கணக்கில் இடைவெளி. சடங்கு வசனங்களைத் தாள் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும், அதுவும் பெரும்பாலும் பழைய ஆங்கிலத்தில். முதல் பட்டத்தோடு காணாமல் போகிறவர்கள் நிறைய. என்னோடு சேர்ந்த ஒருவர் மேசன்கள் இடுப்பில் கட்டும் வெள்ளைத் தோல் ஏப்ரனோடு போட்டோ எடுத்தார், காரில் ஸ்டிக்கர் ஒட்டினார். இரண்டாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஸ்டிக்கர் இன்னும் காரில் இருக்கிறது.