2022 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் வருகிறீர்களா? கொரோனா தடுப்பூசிச் சான்றிதழில் உங்கள் பெயரை இன்றைக்கே பாருங்கள்

ஜனவரி சேர்க்கைக்கு மாணவர்களும் ஆராய்ச்சி வேலைக்கு வருகிறவர்களும் ஊரில் மூட்டை கட்டத் தொடங்கியிருப்பீர்கள். 2021 நவம்பர் நடுவில் இங்கிலாந்தில் இருந்த கொரோனா பயண விதிகளை வைத்து அப்போது எழுதியது இது; அந்த விதிகள் இன்று நடைமுறையில் இல்லை. விசா, ஹெல்த் சர்சார்ஜ், காசநோய்ப் பரிசோதனை பற்றியெல்லாம் ஏஜென்ட்டே ஒப்பித்திருப்பார். அதற்குள் நான் போகவில்லை.

இரண்டு டோஸ் போட்டு 14 நாள் முடிந்தவர்களுக்கு இப்போது (2021 நவம்பரில்) பயணம் சுலபம். இந்தியாவில் போட்ட கோவிஷீல்டை அக்டோபர் 11 முதல் ஏற்கிறார்கள். கோவாக்சினை நவம்பர் 22 முதல் ஏற்பார்கள். கிளம்பும் முன் பரிசோதனை கிடையாது, வந்தபின் தனிமையும் கிடையாது. 'டே 2' (வந்து இரண்டாம் நாளுக்குள் எடுக்கும் கொரோனா) பரிசோதனை ஒன்றை மட்டும் ஊரிலிருந்தே பணம் கட்டிப் பதிவு செய்துவிட வேண்டும். அதன் எண்ணைப் போட்டு, இங்கே வந்து இறங்குவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் பாசஞ்சர் லொகேட்டர் படிவத்தை (பயணி விவரங்களைப் பிரிட்டிஷ் அரசுக்குத் தரும் இணையப் படிவம்) நிரப்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இந்தச் சலுகையெல்லாம், நீங்கள் தடுப்பூசி போட்டவர் என்று விமான நிலையக் கவுன்டரில் இருப்பவர் ஒப்புக்கொண்டால்தான். ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்கள் போடாதவர் கணக்கு. அப்போது கிளம்புவதற்கு முந்தைய 3 நாளுக்குள் எடுத்த நெகட்டிவ் முடிவு, டே 2, டே 8 என இரண்டு பரிசோதனைப் பதிவு, இங்கே வந்து 10 நாள் தனிமை எல்லாம் வேண்டும். நம் ஆட்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான், அதுவும் இனிஷியலால்.

சான்றிதழில் முழுப்பெயர், பிறந்த தேதி, ஊசியின் பெயரும் தயாரிப்பாளரும், ஒவ்வொரு டோஸ் போட்ட தேதி, எந்த நாட்டில் போட்டது என்பதெல்லாம் இருக்க வேண்டும் என்கிறது பிரிட்டிஷ் அரசு. ஊரில் எப்படிப் போட்டோம்? முகாமில் வரிசையில் நின்று ஆதாரை நீட்டினோம். ஆதாரில் 'ஆர். செந்தில்குமார்' என்றிருந்தால், இந்திய அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் தரும் சான்றிதழிலும் அதுவே ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டிலோ சர்நேம் ராமசாமி, கிவன் நேம் செந்தில்குமார். இரண்டும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். கவுன்டரில் இருப்பவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. அது போதாதென்று, பழைய சான்றிதழ்களில் வயதோ பிறந்த வருடமோதான் இருக்கும், முழுத் தேதி இருக்காது. செப்டம்பர் கடைசியில்தான் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று முழுத் தேதியோடு சான்றிதழ் தரும் வசதி கோவினில் வந்தது. அதற்கு முன் இறக்கி வைத்த பிரதியை நம்பிக் கிளம்பாதீர்கள்.

என் நண்பர் ஒருவர், தென்காசிப் பக்கம். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்து அக்டோபரில் கிளம்பினார். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை நகர்த்திப் பார்த்தார். அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்தும் ஒரு புள்ளியும். ஊர் ஜெராக்ஸ் கடையில் பளபளவென்று லேமினேஷன் வேறு போட்டிருந்ததால், விளக்கு வெளிச்சம் பட்டுக் கியூஆர் கோடும் ஸ்கேன் ஆகவில்லை. மேலதிகாரி வந்தார், போனில் யாரிடமோ பேசினார், கடைசியில் 'ஊசி போடாதவராகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்' என்றார். கையில் நெகட்டிவ் முடிவும் இல்லை, டே 8 பதிவும் இல்லை. விமானம் போய்விட்டது. வழியனுப்ப வந்த அப்பா அம்மா இருந்த வேன் அதற்குள் திண்டிவனம் தாண்டியிருந்தது. அங்கிருந்து திருப்பிக்கொண்டு வந்து மகனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு பிஎச்.டி முடித்து, நேர்காணலில் ஜெயித்து, விசா வாங்கிய மனிதரை ஒரு புள்ளி நிறுத்திவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. நம் பெயர் வைக்கும் முறையில் ஒரு குறையும் இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு, சாதிப் பெயரைப் பின்னால் தொங்கவிடாமல் வாழ்ந்த தலைமுறைகள் நம்முடையவை. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கவுன்டரில் நியாயம் பேச நேரம் கிடைக்காது. அதனால் வீட்டிலேயே சரி செய்துகொண்டு வாருங்கள்.

செய்ய வேண்டியது இது. ஊசி போடும்போது கொடுத்த மொபைல் எண்ணில் கோவினுக்குள் போனால் 'ரெய்ஸ் அன் இஷ்யூ' என்று இருக்கும். பெயரைத் திருத்துவதும் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்ப்பதும் அதில்தான். இரண்டு டோஸுக்கு இரண்டு மொபைல் எண் கொடுத்து, இரண்டுமே 'முதல் டோஸ்' என்று பதிவாகியிருந்தால் அவற்றை ஒன்று சேர்க்கும் வழியும் அங்கேயே உண்டு. முக்கியமான விஷயம், திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான். என் நண்பர் விஷயத்தில், அவருடைய தம்பி நல்லெண்ணத்தோடு முன்பே பிறந்த வருடத்தை மட்டும் திருத்திவிட்டிருந்தார்; வாய்ப்பு அதோடு தீர்ந்துபோனது. பிறகு பெயரை மாற்ற 1075 என்ற அரசு உதவி எண்ணுக்குப் போன் அடித்து, சுகாதார அலுவலகத்துக்கு அலைந்து, புது டிக்கெட் எடுத்து, வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்க ஹெச்ஆரிடம் கெஞ்சி என்று ஒரு பாடு. அதனால் பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஒரே தடவையில் சரி செய்யுங்கள். தம்பி தங்கையிடம் விடாதீர்கள். விமான டிக்கெட், லொகேட்டர் படிவம், டே 2 பதிவு எல்லாவற்றிலும் அதே பெயர், அதே வரிசை. சாதாரணத் தாளில் பிரின்ட் எடுத்தாலே போதும்.

படிவத்தில் உண்மையை மட்டும் எழுதுங்கள். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று சொல்லித்தர ஊரில் ஆள் இருக்கும். பொய்த் தகவலுக்கு இங்கே அபராதம் 10,000 பவுண்டு வரை போகும்.

டே 2 பரிசோதனைக்கு அரசு இணையதளத்தில் பெரிய பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இருப்பதாலேயே நல்ல நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் ஒரு விலை போட்டுவிட்டு, பணம் கட்டும்போது வேறு விலை கேட்ட 82 நிறுவனங்களை ஆகஸ்டில் அரசே எச்சரித்தது. அக்டோபர் 24-க்குப் பிறகு இரண்டு டோஸ் போட்டவர்களுக்கு லேட்டரல் ஃப்ளோ (உடனே முடிவு காட்டும் கிட்) போதும், பிசிஆர் (ஆய்வகத்தில் செய்யும் பரிசோதனை) வேண்டாம். கிட் தபாலில் வருவதாக இருந்தால் ஹாஸ்டலின் பெயர், பிளாக், அறை எண் மூன்றையும் முகவரியில் போடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்குகிறவர்கள், சனி ஞாயிறில் தபால் அறை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே ஹாஸ்டலுக்கு எழுதிக் கேளுங்கள். இறங்கும் நாள் 'நாள் 0'. அதிலிருந்து இரண்டாம் நாள் முடிவதற்குள் பரிசோதனையை எடுத்தாக வேண்டும். மருந்துக் கடையில் இலவசமாகத் தரும் என்ஹெச்எஸ் (பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவை) கிட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது பிற்பாடு வாரம் இரண்டு முறை நீங்களே சோதித்துக்கொள்ள, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து இறங்கியதும் பலர் முகக்கவசம் இல்லாமல் நடமாடுவதைப் பார்த்துத் திகைப்பீர்கள். இங்கிலாந்தில் 2021 ஜூலை 19-ஓடு முகக்கவசச் சட்டம் போய்விட்டது. லண்டன் பேருந்திலும் ரயிலிலும் மட்டும் போடச் சொல்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் 2021 நவம்பரில் இன்னும் கட்டாயம். மற்றவர்களைப் பார்த்துக் கழற்றிவிடாதீர்கள். ஹீத்ரோவிலிருந்து மணிக்கணக்கில் கோச்சில் (தொலைதூரப் பேருந்தில்) வருகிறவர்கள் ஊரிலிருந்தே நல்ல என்95 இரண்டு மூன்று கொண்டுவாருங்கள். கோச்சில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பதை நிற்கும் இடம் வரை தள்ளிப்போடுங்கள். அம்மா கட்டிக்கொடுத்த புளியோதரை ஒரு நாள் தாங்கும்.

டிக்கெட் எடுக்கும்போது, தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. 2021 ஏப்ரலில் இந்தியா சிவப்புப் பட்டியலுக்கு (அங்கிருந்து வருகிறவர்கள் ஓட்டலில் தனிமையில் இருந்தாக வேண்டிய நாடுகளின் பட்டியல்) போகிறது என்று 19-ஆம் தேதி அறிவித்தார்கள். 23-ஆம் தேதி அதிகாலை 4 மணிக்கு அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு வந்த மாணவர்கள் ஓட்டல் தனிமைக்கு 1,750 பவுண்டு கட்டினார்கள், ஆகஸ்டில் அது 2,285 ஆனது. 2021 நவம்பர் நடுவில் அந்தப் பட்டியலில் ஒரு நாடும் இல்லை. ஆனால் பட்டியலையும் ஓட்டல் ஏற்பாட்டையும் அப்போது கலைத்துவிடவில்லை. கிளம்பும் அன்று காலையில் அரசுப் பக்கத்தை இன்னொரு முறை பாருங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போக நினைக்கும் ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. இது சொந்தப் பயணம். பல்கலைக்கழகக் காப்பீடு பணிப் பயணத்துக்கு உள்ளது, இதற்குத் தனியாக எடுங்கள். 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர் முடிவை ஏர் சுவிதாவில் (இந்தியா வருகிறவர்களுக்கான இந்திய அரசு இணையதளம்) ஏற்ற வேண்டும், அதற்கும் தனியார் பரிசோதனைதான். விதி மாறி அங்கேயே மாட்டிக்கொண்டால் எத்தனை நாள் ஊரிலிருந்து வேலை பார்க்கலாம் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே மேலாளரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.