கையில் க்யூ, யூ மட்டும் இல்லை

ஊட்டியில் ஆடிச் சாரல் பிடித்தால் வீட்டுக்குள் வர்க்கியும் டீயும், ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி வார்த்தை சேர்க்கும் ஸ்கிராபிளும்தான். எனக்கென்று அந்த க்யூ எப்படித்தான் வந்து மாட்டுமோ! 10 புள்ளி என்று பெயர். கடைசிவரை கையில் தங்கினால் அத்தனையும் நம் கணக்கில் கழியும், முடித்தவர் கணக்கில் ஏறும். ஆங்கிலத்தில் க்யூ வந்தால் பெரும்பாலும் பின்னாலேயே யூ வேண்டும்; 100 கட்டைகளில் யூ நாலே நாலு.

போனில் 'க்யூ உள்ள சொற்கள்' என்று தேடினேன். குயின், குயிக் என்று யூ ஒட்டிய வார்த்தைகளாகவே கொட்டின. அக்கா மகள் எட்டிப் பார்த்து, "மாமா, யூ வேண்டாம்னும் சேர்த்துப் போடுங்க" என்றாள். நான் தேடிய பெட்டிக்குப் பக்கத்தில் 'இல்லாத எழுத்து' என்று இன்னொரு பெட்டி. இத்தனை நாள் கண்ணில் படவேயில்லை.

பட்டியல் சுருங்கியது. பார்த்தால் பாதி நமக்குத் தெரிந்தவை: ஃபகீர், தலாக், நிகாப். காயிதே மில்லத்தில் வரும் காயித்கூட, க்யூ-ஏ-ஐ-டி. அரபிச் சொற்கள் ஆங்கில அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அடிக்கடி கைகொடுப்பது இரண்டே எழுத்து: க்யூ-ஐ. சீனர்கள் சொல்லும் உயிராற்றல், உச்சரிப்பு 'சீ'. பலகையில் எங்காவது ஒரு ஐ திறந்து கிடந்தால் போதும்.

அன்று அதைப் புள்ளி மூன்று மடங்காகும் கட்டத்தில் வைத்தேன். "சீ"ன்னு ஒரு வார்த்தையா என்று அக்கா சண்டைக்கு வந்தாள்.